அளவுக் கோது

தையல் மெசினிலிருந்து மோட்டரைக் கழற்றியபோது கிளரன்ஸ் மாஸ்ரர், "ரெண்டே நாள், றோஸ்" என்றுதான் மனைவியிடம் சொன்னார். வேதப்புத்தகத்தில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. மானிப்பாயில் பாதிப் பிள்ளைகளின் ஈஸ்டர்ச் சட்டைகள் வெட்டினபடி கட்டிலில் கிடந்தன. றோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு காலால் மிதித்துத் தைத்தாள். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அவளுக்கென்று அனுப்பிய மோட்டரோ, பின்விறாந்தையில் ரைபிள் கோது சீவப் போயிருந்தது.

மாஸ்ரரிடம் ஒரு ரைபிள் இருந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் வாங்கியது. அரசாங்கக் கச்சேரியில் எடுத்த லைசென்ஸ் எல்லாம் சரி, தோட்டாதான் இல்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு கொழும்பில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அதனால் சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வெடிமருந்தும் குண்டும் புதிதாக அடைத்துத்தான் திரும்பவும் சுடவேண்டும். சுடச் சுடக் கோது நீளும். நீண்டதை வாய்ப்பக்கமாகச் சீவி ஒரே அளவாக்காவிட்டால் குறி பிசகும் என்பது மாஸ்ரரின் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை. இத்தனை வருசமும் சின்னக் கருவி ஒன்றைக் கையால் சுற்றித்தான் சீவினார். இந்த வருசம் கை போதாதாம், கரண்ட் வேணுமாம்!

எல்லாம் ஈஸ்டர்த் திங்களன்று வல்லை வெளியில் நடக்கிற குறிசுடும் போட்டியால் வந்த வினை. போன வருசம் கடைசிச் சுற்றில் மாஸ்ரரும் றோஸின் அண்ணன் நேசராஜாவும் ஒரே பலகைக்குச் சுட்டார்கள். ஒரு சூடு நட்டநடுவில் பட்டது. மற்றது பலகைப் பக்கமே போகவில்லை. இரண்டு துவக்கிலும் ஒரே பருமன் குண்டு. ஓட்டையைப் பார்த்து எவன் தீர்ப்புச் சொல்வது? நடுச்சூடு தன்னுடையதுதான் என்று இருவரும் நின்றார்கள், நின்றபடியே இருந்தார்கள். வென்றவருக்கான கப், குறிசுடும் சங்கத்துப் பொருளாளர் கனகரத்தினம் வீட்டுக்குப் போனது. அவருடைய மனைவி இப்போது அதற்குள் அகப்பை போட்டு வைத்திருக்கிறாவாம். அன்றைக்கு விட்ட கதைபேச்சுத்தான் மச்சான்மாருக்கு.

நேசராஜா பருத்தித்துறையில் இருந்தார், மெதடிஸ்ற் ஆள். "மெதடிஸ்ற்காரருக்கு ஞானஸ்நானத் தண்ணியிலையே பிடிவாதத்தையும் கலந்துதான் தெளிக்கிறது" என்று மாஸ்ரர் நக்கலடிப்பார். மாஸ்ரர் மாதிரி அமெரிக்கன் மிசன்காரருக்குத் தெளிப்பதில்லை, கரண்டியால் பருக்கிவிடுவார்கள் போலும் என்று றோஸ் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குக் கப் எந்த அலுமாரியில் இருந்தால் என்ன? கூடப்பிறந்தது அந்த ஒருவர்தான். அவர் இந்த வீட்டுப் படியேறி ஒரு வருசம். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் வரவில்லை, அவள் காய்ச்சலில் கிடந்தபோதும் வரவில்லை. ஈஸ்டர்ச் சாப்பாட்டுக்காவது அண்ணை வரவேண்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பருத்தித்துறையிலிருந்து ஒரு கதை வந்தது: நேசராஜாவின் கோதுகளெல்லாம் வெடித்துப் பிளந்துபோனதால் அவர் போட்டிக்கே வரமாட்டாராம். "வராட்டில் நல்லம்" என்றார் மாஸ்ரர். சொன்ன முகத்தைப் பார்த்தால் செத்தவீட்டு முகம்.

பெரிய வெள்ளிக்கு முன்னர் வீட்டுப் பித்தளையெல்லாம் புளி போட்டு மினுக்குவது றோஸின் தாய்வீட்டு வழக்கம். செம்பு, தாம்பாளம், கதவுப்பிடி ஒன்றும் தப்பாது. அப்படி மினுக்கிக்கொண்டு போனவளின் கண்ணில் தகரப்பேணிக்குள் கறுத்துக் கிடந்த கோதுகள் பட்டன. மோட்டரைப் பறித்த மனிசனுக்கு நல்லது செய்கிற புத்தி அன்றைக்கென்று அவளுக்கு வந்துவிட்டது. மாஸ்ரர் அலுமாரியில் தனியாக ஒரு கிளாசுக்குள் வைத்திருந்த கோதையும் எடுத்து எல்லாவற்றோடும் சேர்த்துப் புளித்தண்ணியில் கொட்டித் தேய்த்தாள். அதுதான் அளவுக் கோது, ஒருமுறைகூடச் சுடாதது. அதை வைத்துத்தான் மற்றவற்றைச் சீவ அளவெடுப்பார்.

தேய்த்து முடிந்ததும் எல்லாம் பவுண் மாதிரி மின்னின. கிளாசுக்குள் இருந்தது எது? றோஸ் திகைத்துப்போனாள். பிறகு பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்தது. தனியாக வைத்த சாமான் தனி மாதிரித்தானே இருக்கும்? அதை எடுத்துக் கிளாசுக்குள் வைத்தாள். இதையெல்லாம் ஒருத்தரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

"றோஸ், நீர் ஒரு தங்கம்!" என்றார் மாஸ்ரர், மினுக்கத்தைக் கண்டு. கிளாசிலிருந்த கோதுக்கு அளவாக வெட்டும் அலகைப் பூட்டினார். மோட்டரின் மிதியில் காலை வைத்தார். ஊ என்று ஒரு சத்தம், பித்தளை சுருள் சுருளாகக் கொட்டியது. மனிசன் கதிரைக்குள் இருந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"இஞ்சாருங்கோ, உவ்வளவைச் சீவினா மிச்சம் என்ன இருக்கப்போகுது?"

"கையெண்டால் களைக்கும், பிழைவிடும். மெசின் பிழைவிடாது, றோஸ்."

உண்மைதான். மெசின் ஒரு கோதிலும் பிழைவிடவில்லை. எல்லாவற்றையும் அச்சொட்டாக ஒரே அளவில் நாசமாக்கிக் கொடுத்தது.

சனிக்கிழமை மருந்து அடைக்க இருந்தபோதுதான் விசயம் வெளித்தது. வழக்கமாக அளந்து போடுகிற மருந்து கோது நிறைந்து வழிந்தது. இன்னொன்றிலும் வழிந்தது. மாஸ்ரர் கோதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ரை நீளமில்லை. நேசன்ரை துவக்கின்ரை நீளம்!"

நேசராஜாவின் துவக்குக்குக் கோது கொஞ்சம் கட்டை. போன வருசச் சண்டைக்குள் வல்லை வெளியில் கோது பொறுக்கியபோது அவருடையது ஒன்று இவருடைய பேணிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் றோஸ் கிளாசில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

"ஆர் இதைக் கிளாசுக்குள்ளை வைச்சது?"

"நான்தான். பார்த்தா அதுதான் அளவுக் கோது மாதிரி இருந்தது. நீங்கள் ஒருக்கால் அளந்து பார்த்திருக்கலாமே!"

"ஐயோ, உம்மடை அண்ணனுக்கெல்லோ நான் கிழமை முழுக்க இருந்து கோது செய்திருக்கிறன்!"

"அப்ப கொண்டுபோய்க் குடுங்கோவன். அவரிட்டைத் துவக்கு இருக்கு, கோது இல்லை. உங்களிட்டைக் கோது இருக்கு. ரெண்டுபேரும் ஒரு துவக்காலை சுடுங்கோ."

"நானோ? நான் அவன்ரை வாசலுக்குப் போறதோ? செத்தாலும் போகன்."

றோஸுக்குக் கோபம் வந்தது. "ஒருத்தி கப்புக்குள்ளை அகப்பை போட்டிருக்கிறா. உங்களுக்கு வீம்பும் கெப்பரும் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நாளைக்குப் பண்டிகை, எனக்கு ஒரு அண்ணை இல்லை!" என்று சொல்லிப் பின்விறாந்தையிலேயே நின்று அழுதாள். மாஸ்ரர் கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேணிக்குள் போட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு விடியல் ஆராதனை முடிந்து வந்தவர், உடுப்பு மாற்றவுமில்லை. "சும்மா, பட்டணம் வரைக்கும்" என்றார். கைக்குள் பேணியை இடுக்கியபடி யாராவது சும்மா பட்டணம் போவார்களா? றோஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனிசன் திரும்பிவிடுவார் என்ற பயம் அவளுக்கு.

மத்தியானம் ஆனது. சோறு வடித்தாயிற்று, கோழிக்கறி இறக்கியாயிற்று. மூடி வைத்ததை அவள் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக நின்றாள். போனவரை அண்ணை படலையோடு திருப்பி அனுப்பியிருந்தால்?

அப்போது ஒழுங்கையில் நாய்கள் குரைத்தன. அதற்கு மேலால் இரண்டு ஆம்பிளைக் குரல்கள்.

"துவக்கு என்ரை. முதல் சூடும் என்ரைதான்!"

"கோது ஆர் சீவினது? மோட்டர் பூட்டிச் சீவினது, மச்சான்! உம்மாலை ஏலுமே?"

"எனக்கு அளவாச் சீவிப்போட்டு உமக்குப் பெருமை வேறை!"

றோஸ் படலைக்கு ஓடினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவும் இல்லை. நேசராஜா தோளில் துவக்கோடு படியேறினார்.

"பிள்ளை, பஸ்ஸுக்குள்ளையும் வாய் மூடாத மனிசனடி. இந்த ஆளோடை எப்பிடித்தான் கதைச்சுக் காலம் தள்ளுறாய்?"

"நீங்கள் கதைக்காமல் இருந்த ஒரு வருசத்தைவிட அது சுகம், அண்ணை" என்றாள் றோஸ்.