புவியியலுக்கு ஒரு ஆள் குறைகிறது

எங்கள் பள்ளியில் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்துவிட்டால் ஆசிரியர்களுக்கு இருப்புக் கொள்ளாது. அடுத்த இரண்டு வருடம் படித்துத் தேர்வு எழுதப்போகும் பாடங்களைப் பிள்ளைகள் அந்த வாரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். மொழியும் கணிதமும் கட்டாயம். மீதி மூன்று அவர்கள் இஷ்டம். அந்த இஷ்டத்தில்தான் ஆசிரியர்களின் பிழைப்பே இருக்கிறது. பதினைந்து பேர் சேராத பாடத்துக்கு வகுப்பு கிடையாது என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீலே இல்லை.

நான் விளையாட்டு ஆசிரியர். என் பாடத்துக்குத் தேர்வும் இல்லை, ஆள் பிடிக்கிற கவலையும் இல்லை. ஆகவே மற்றவர்கள் படும் பாட்டை ஓரமாக நின்று ரசிப்பது என் வழக்கம். வேதியியல் ஆசிரியை அந்த ஒரு வாரம் மட்டும் ஆய்வகத்தில் எதையாவது டமாரென்று வெடிக்க வைப்பார். வருடம் முழுக்க உர்ரென்று இருக்கும் வரலாற்று ஆசிரியர், வராந்தாவில் போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பல்லைக் காட்டுவார். அவர்கள் மிரண்டுபோய் நேராக வணிகவியலில் சேர்ந்துவிடுவார்கள்.

இந்த வருடம் மாட்டிக்கொண்டவர் புவியியல் சார். டீ இடைவேளையில் என் பிஸ்கட்டைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு நெருக்கமானவர். அவர் பாடத்தில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அதோடு சரி, எண்ணிக்கை நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்னும் ஒரு ஆள் வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். அவர் சின்ன வகுப்புகளுக்குப் போய்ப் பொது அறிவு நடத்த வேண்டியதுதான். அதை நினைத்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆள் பிடிக்கக் கிளம்பினார். நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கேட்டார். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே நின்றவர்களை வரிசையாகக் கேட்டார். ஓட்டப்பந்தயத்தில் எதிர்த்திசையில் ஓடிய பெருமைக்குரிய என் மாணவன் ஒருவனைக்கூட விடவில்லை.

"உனக்குத்தான்டா இந்தப் பாடம் அவசியம் வேணும்!" என்றார்.

அவன் உயிரியல் எடுத்துக்கொண்டான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உதவும் ஆலோசகர் மேடம் வேறு யாருமில்லை, புவியியல் சாரின் மனைவிதான். இன்னொருவராக இருந்தால் கணவருக்காக நாலு பிள்ளைகளை நைசாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருப்பார். இவர் அப்படியில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு எரிச்சல் வருகிற அளவுக்கு நேர்மை. ஒரு பிள்ளையிடம்கூட இந்தப் பாடத்தை எடு, அதை விடு என்று சொன்னதில்லை. அவர் அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பெற்றோர் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். உள்ளே பிள்ளை சொல்வது, பிள்ளையே சொன்னாலொழிய, வெளியே போகக் கூடாது. "இவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், நானே சொல்லிடறேன்" என்று நுழையும் அப்பாக்களை, "தெரியுதா இல்லையான்னு நான் அவனையே கேட்டுக்கறேன், நீங்க போய் உட்காருங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

கடைசி நாள் காலையில் அவர் என்னைத் தேடி மைதானத்துக்கே வந்தார்.

"சார், இன்னிக்குக் கொஞ்ச நேரம் நீங்க என் நாற்காலியில உட்காரணும்."

"நானா? எனக்கென்ன மேடம் தெரியும்? பந்து உருண்டையா இருக்கும்னு தெரியும். அவ்வளவுதான்."

"அதான் வேணும். எந்தப் பாடத்துப் பக்கமும் சாயாத ஆள் இந்த ஸ்கூல்ல நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கு வரப்போறது எங்க பொண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் மகளும் இந்த வருடம்தான் பாடம் எடுக்க வேண்டும். மேடம் போட்ட சட்டப்படி மேடமே வெளியே உட்கார வேண்டும்.

"வீட்ல அவகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டேன்.

"மூச்சு விடலையே! இவர் வாயையும் கட்டிப் போட்டு வச்சிருக்கேன். சாப்பிடும்போது மழைங்கற வார்த்தைகூட வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்பா படற கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவ இதை எடுத்துட்டா, ரெண்டு வருஷம் யார் சார் அவஸ்தைப்படறது?"

கழுத்தில் விசிலோடு போய் உட்கார்ந்தேன். அது சக்கரம் வைத்த நாற்காலி. உட்கார்ந்த வேகத்தில் பின்னால் உருண்டு போய் அலமாரியில் இடித்தேன். மகள் உள்ளே வரும்போது புது ஆலோசகர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மேடம் சொல்லிக்கொடுத்த கேள்விகள் எல்லாம் மறந்துவிட்டன.

"உடம்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கு சார். இயற்பியல், வணிகவியல், புவியியல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்தாவது ஆள்! நண்பனின் வகுப்பு என் மடியில் வந்து விழுந்துவிட்டது. "ரொம்ப நல்லதும்மா, போய்ட்டு வா" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த நாற்காலியில் என்ன கோளாறோ, உட்கார்ந்தவனுக்கும் நேர்மை ஒட்டிக்கொள்கிறது.

"அப்பாவுக்காகவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அம்மாவைப் போலவே என்னை முறைத்தாள்.

"சார், மழை பெஞ்சா சைக்கிள் ஷெட்ல ஏன் தண்ணி நிக்குது தெரியுமா?"

"சாக்கடை அடைச்சிருக்கும்."

"இல்ல சார். நீங்க மண் கொட்டி மைதானத்தை மேடாக்கினீங்கல்ல, அதான். முன்னாடியெல்லாம் தண்ணி அந்தப் பக்கமாப் போய் கேட் வழியா வெளியேறிடும். இப்ப வழியில்லாம ஷெட்டுக்குத் திரும்புது. ஒவ்வொரு மழைக்கும் நின்னு பார்த்தேன். ஒரு தடவை காய்ச்சலே வந்துடுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மண்ணுக்காக நான் ஏறி இறங்காத படியில்லை. மைதானத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். இவள் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, ஊர் சைக்கிளெல்லாம் துருப்பிடிக்க நான்தான் காரணம் என்கிறாள்.

"ஓரமா ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினாப் போதும் சார்" என்று சமாதானம் வேறு சொன்னாள்.

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. இரக்கத்துக்காகப் பாடம் எடுக்கிறவள் மழையில் நின்று காய்ச்சலை வாங்கிக்கொள்ள மாட்டாள்.

"இதை அப்படியே வெளியே போய்ச் சொல்லு. உங்கப்பாவுக்குத் தலைகால் புரியாது" என்றேன்.

"மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. ரூல் இருக்கு."

"ஏம்மா?"

"பாடத்தை மட்டும் சொல்லுங்க. பிடிச்சிருக்குன்னு சும்மா சொன்னா நம்பறாங்களான்னு பார்க்கணும்."

கதவைத் திறந்தேன். பெஞ்சில் கணவனும் மனைவியும் பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"புவியியல் எடுத்திருக்கா" என்றேன்.

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். புவியியல் சாரின் முகம் தொங்கிவிட்டது.

"வேண்டாம்டா குட்டி. அதுல அப்படி என்ன இருக்கு? காத்து அடிக்குது, மழை பெய்யுது, ஆறு ஓடுது. நாம படிச்சாலும் படிக்காட்டியும் அது பாட்டுக்கு ஓடும். வேற எதையாவது நல்லதா எடு" என்றார்.

முந்தின நாள்வரை இந்தப் பாடம் இல்லாவிட்டால் உலகமே சுற்றாது என்று சொல்லித் திரிந்த வாய் அது.

மேடம் எழுந்து நின்றார். "உண்மையைச் சொல்லு. யாருக்காக எடுத்தே?"

"எனக்காகத்தான். பிடிச்சிருக்கு."

"நேத்து வரைக்கும் பிடிக்காதது இன்னிக்கு எப்படிப் பிடிக்கும்?"

வாய்க்கால் விஷயம் என் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் சட்டம் போச்சு, சொல்லாவிட்டால் வகுப்பு போச்சு. அதை விழுங்கிக்கொண்டு வேறு ஒன்றைச் சொன்னேன்.

"மேடம், இதே பெஞ்சுல உட்கார்ந்த எத்தனை பேருக்கு, பிள்ளை சொல்றதை நம்புங்கன்னு சொல்லியிருக்கீங்க?"

"இது வேற சார்."

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

அவர் என்னைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து வரைக்கும் பிடிக்கலைன்னு உனக்கு யாரும்மா சொன்னா? நீ என்னைக் கேட்டியா?" என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். ஸ்கூல்ல எல்லாரையும் கேட்டீங்க. தூங்கறவனை எழுப்பிக் கேட்டீங்க. வீட்ல எதிர்ல உட்கார்ந்துதானே நான் சாப்பிடறேன்? என்னை ஒரு தடவையாவது கேட்டீங்களாப்பா? நான் உங்க வகுப்புக்கு வேண்டாமோன்னு நினைச்சுட்டேன்."

"ஐயோ, அப்படியில்லடா. கேட்டா உனக்கு பாரமா இருக்குமேன்னு..."

"கேட்காததுதான் பாரமா இருந்துச்சு."

விசிலைப் பிடித்துத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

புவியியல் சார் கையில் இருந்த சாக்பீஸ் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஊரில் உள்ள பிள்ளைகளிடமெல்லாம் மணிக்கணக்காகப் பேசியவர், கடைசியில் மகளுக்கு நேரே வந்து நின்றார்.

"என் வகுப்புக்கு வர்றியாம்மா? நீ வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

"என்னத்தடி யோசிக்கப் போறே? போய்ச் சேருடி!" என்று கத்தினார் ஆலோசகர் மேடம். கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது.