அவன் பேரில் இருந்த கனெக்‌ஷன்

காலை ஒன்பது மணிக்கு வீட்டு இன்டர்நெட்டின் வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்ததுமே தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். வேறொரு நாளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். பேன்ட் மடித்துத் தைக்கவும் ஜிப் மாற்றவும் இன்டர்நெட் எதற்கு? ஆனால் இன்று பதினொன்றரைக்கு வழக்கு. வீடியோவில் விசாரணை. ஆறு வயது மகள் யாரிடம் வளர்வது என்று இன்றைக்கு முடிவாகிவிடும்.

வழக்குப் போட்டவன் அவள் கணவன். வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். இருவரும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்பது அவன் மனு. வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தன் வழக்கைத் தானே பேசுகிறவன். முதல் தடவை அவன் வரவே இல்லை. இரண்டாம் தடவை இவள் செல்போனில் சேர்ந்தாள். குரல் துண்டு துண்டாகப் போய், கடைசியில் படமும் உறைந்து, வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டாள். நீதிபதி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். அடுத்த தடவை யார் வரலையோ, அவங்க இல்லாமலே முடிச்சுடுவேன். ஒழுங்கான கனெக்‌ஷன்ல வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒழுங்கான கனெக்‌ஷன்தான் இப்போது சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எங்கேயோ ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். பத்தரைக்குள் சரியாகும் என்று கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பத்தரை ஆயிற்று. சிவப்பு. அந்த வீட்டுக்குள் செல்போன் நெட் என்றைக்குமே சரியாக எடுக்காது; இன்று ஊர் முழுக்க அதில் விழுந்து புரண்டதால் நத்தை மாதிரி ஊர்ந்தது. பேசுவதற்குத்தான் போன் உதவியது, படத்துக்கு வழியில்லை. தையல் மெஷினுக்கும் பெட்டிக்கும் நடுவே எத்தனை முறை நடந்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அண்ணனைக் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவாள், பாவம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கையில் டூல் பையும் வாயில் தைரியமும் எப்போதும் இருக்கும். வந்ததும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், காதில் வைத்துக்கூடப் பார்த்தான்.

"இது ஒரு விஷயமா? லிஃப்ட் நடுவுல நின்னா நாங்க முதல்ல என்ன செய்வோம்? ரீசெட். அதுக்கு மேலதான் மத்த வைத்தியமெல்லாம். ஒரு ஊசி குடு."

"அண்ணே, கம்பெனிக்காரங்க கேபிள்னு சொல்றாங்க. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமா?"

"பொறுத்துப் பொறுத்துத்தான் நீ இந்த நிலைமைக்கு வந்திருக்க. குடு ஊசியை."

கொடுத்தாள். மெஷின் ஊசி, பதினாறாம் நம்பர், ஜீன்ஸ் தைக்கிறது. பெட்டியின் முதுகில் இருந்த சின்ன ஓட்டைக்குள் அதை விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தான் அண்ணன். எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தன. அப்போது மணி பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தைந்துக்குக் கம்பெனி கேபிளை ஒட்டி முடித்துவிட்டது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மாடி வீட்டு டிவி அலறியது. எதிர் வீட்டில் யாரோ கைதட்டினார்கள். தெருவுக்கே நெட் வந்தது, இவளுக்குத் தவிர.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! லிஃப்ட்டை ரீசெட் செய்தால் லிஃப்ட் ஓடும். இந்தப் பெட்டியை ரீசெட் செய்தால், உள்ளே கம்பெனிக்காரன் போட்டு வைத்த பெயரும் பாஸ்வேர்டும் துடைத்துக்கொண்டு போய்விடும். ஐந்தே ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. இதைக் கஸ்டமர் கேர் பெண் போனில் விளக்கியபோது மணி பதினொன்று பத்து. அதற்குள் அண்ணன் படியிறங்கி ஏறிப் பக்கத்தில் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தான். கீழ் வீடு பூட்டு. மாடி வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலே, "பாஸ்வேர்டு மருமகளுக்குத்தான் தெரியும், அவ ஆபீஸ் போயிட்டா" என்று சொல்லிவிட்டாராம்.

"புது பாஸ்வேர்டு நான் தர்றேன் மேடம், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் போனில் இருந்த பெண். "கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கனெக்‌ஷன் அவன் பேரில் இருந்தது. வீட்டை விட்டுப் போகும்போது, "இதை உன் பேருக்கு மாத்திக்கோ" என்று அவன் சொல்லத்தான் செய்தான். யார் பேரில் இருந்தால் என்ன, நெட் வந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

"அவர் நம்பருக்கு ஆறு நம்பர் கோடு ஒண்ணு அனுப்பறேன். அதைச் சொன்னாத்தான் என்னால எதுவும் செய்ய முடியும். பத்து நிமிஷம்தான் செல்லும் மேடம்."

"அம்மா, நல்லா இருப்பீங்க. அவர் கிட்ட நான் கேக்க முடியாது. அவர்தான்ம்மா கேஸ்ல எதிர்க்கட்சி. இன்னும் கால் மணி நேரத்துல கேஸ். நான் போகலன்னா என் பிள்ளை போயிடும்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ரூல் மேடம். மன்னிச்சுக்கோங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

இவள் வராமல் போனால் அவனுக்கு வழக்கு ஜெயம். பேசாமல் போனை எடுக்காமல் இருந்தாலே போதும், பிள்ளை அவன் மடியில் வந்து விழும். எந்த மடையன் கோடு கொடுப்பான்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்கூலில் இந்நேரம் கலர் பென்சில் கடித்துக்கொண்டிருக்கும் மகளின் முகம் வந்தது. மானமாவது ரோஷமாவது! அண்ணன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அதில் அவன் நம்பரை அடித்தாள்.

"என் போன்ல இருந்தா?" அண்ணன் பதறினான். அவனும் கணவனும் பேச்சுவார்த்தை இல்லை. செத்தாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன், உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று தெருவில் நின்று சத்தியம் செய்தவன் அண்ணன்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டான்.

"மச்சான்! பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ஸ்கூல்ல இருக்கா. நான்தான் பேசறேன்" என்றாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகுதான் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு உன் அண்ணன் நம்பர்ல இருந்து அடிக்கிற? உயிரே போயிடுச்சு!"

"உங்க போனுக்கு ஒரு கோடு வந்திருக்கும். நெட் போயிடுச்சு. கனெக்‌ஷன் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. அது இல்லாம என்னால கோர்ட்டுக்கு வர முடியாதுங்க."

எதிர்ப்பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. கெஞ்சலாமா, காலில் விழலாமா, திட்டலாமா என்று தெரியாமல் அவள் மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே மாத்திக்கோன்னு சொன்னேன்" என்றான். பிறகு, "எழுதிக்கோ. ஏழு. ரெண்டு. ரெண்டு. பூஜ்யம். ஒன்பது. நாலு."

துணியில் குறி போடும் சாக்பீஸால் மேஜை மேலேயே எழுதினாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கஸ்டமர் கேர் பெண் எழுத்து எழுத்தாகச் சொன்னாள், அண்ணன் லேப்டாப்பில் ஒவ்வொரு விரலாகத் தட்டினான். கடைசி விளக்கும் எரிந்தது. "தனியா இருக்கணும், வெளியே போண்ணே!" என்று அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்து மூன்று. திரையில் நீதிபதி அம்மா, கோர்ட் எழுத்தர், இவளுடைய வக்கீலம்மா. எல்லார் முகமும் தெளிவாக இருந்தது. தெய்வமே, வந்து சேர்ந்துவிட்டேன் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"மனு போட்டவர் எங்கே?" என்றார் நீதிபதி.

"பதினொண்ணே காலுக்கே சேர்ந்திருந்தார் அம்மா. போன்லதான் சேர்ந்தார். நடுவுல திடீர்னு வெளியே போயிட்டார்" என்றார் எழுத்தர். "பேர் கூப்பிட்டப்போ ஆள் இல்ல."

வக்கீலம்மா துள்ளி நிமிர்ந்தார். "ரெண்டாவது முறையா வரலை அம்மா. போன தடவை நீங்க சொன்னபடி மனுவைத் தள்ளுபடி செய்யணும்னு கேட்டுக்கறேன்."

தையல்காரிக்கு மண்டையில் இடி இறங்கியது. அவன் போனில்தான் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தான். அதே போனில்தான் இவள் அழைப்பு போனது. பிள்ளைக்கு என்னவோ என்று பதறி எடுத்தவன், கோர்ட்டை விட்டு வெளியே விழுந்திருக்கிறான். இப்போது எங்கேயோ ரோட்டோரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, விசாரணைக்குள் மறுபடி விடச் சொல்லிப் போனிலேயே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

பேசாமல் இருந்தால் போதும். ஒரு வார்த்தை வேண்டாம். பிள்ளை இவளுக்கே. இனி மனு இல்லை, வாய்தா இல்லை, ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், "பேசாத! வாயைத் திறக்காத!" என்று கிசுகிசுத்தது கேட்டது. திரையில் வக்கீலம்மா அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

மேஜையில் சாக்பீஸில் ஆறு எண்கள் வெள்ளையாகக் கிடந்தன.

"அம்மா" என்றாள். நீதிபதி நிமிரவில்லை. மறுபடி, "அம்மா! எழுதாதீங்க. அவர் தானா வெளியே போகல. நான்தான் கூப்பிட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"என் நெட் போயிடுச்சு. கோடு அவர் போனுக்குத்தான் வரும். அண்ணன் போன்ல இருந்து அடிச்சேன். பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து எடுத்துட்டாரு. அவர் குடுத்த கோடுலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்." பிள்ளையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுக்கிறோமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் வார்த்தை நிற்கவில்லை. "வெளியேதான் நிப்பாரு. பாருங்க அம்மா."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்கு வெளியே அண்ணன் எதையோ போட்டு உடைத்தான்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுத்தரிடம், "வெளியே யாராவது காத்துட்டு இருக்காங்களா பாருங்க" என்றார்.

திரையில் நாலாவது கட்டம் திறந்தது. பஸ் ஓட்டுநர் சீட்டில், காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்தபடி அவன் வந்தான். நீதிபதிக்கு வணக்கம் சொல்லக் கை பாதி எழும்பியது. அதற்குள் பக்கத்துக் கட்டத்தில் அவளைப் பார்த்துவிட்டான்.

"நெட் வந்துடுச்சா?" என்றான்.