நான்காம் எண் பொத்தானின் தயக்கம்

எங்கள் நகரத்தில், சாலையைக் கடப்பதற்காகப் பொத்தானை அழுத்துபவரின் நோய் பொத்தானுக்குப் போய்விடும். அழுத்தியவர் குணமாகி எதிர்ப்பக்கம் போய்விடுவார். பொத்தான் மாலைவரை இருமிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு சுகாதார ஆய்வாளரை நியமித்திருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் நான்காம் எண் பொத்தானைப் பார்த்துக்கொள்வது நான்.

கடினமான வேலையில்லை. பொத்தானுக்குக் காய்ச்சல் என்றால் ஈரத்துணி சுற்றுவேன். வயிற்றுப்போக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவேன்.

எனக்கும் ஒரு நோய் இருந்தது. எதையும் முடிவு செய்ய வராது. சட்டை எடுக்கப் போய், மூன்று கடை ஏறி இறங்கி, கர்ச்சீப்புடன் வீடு திரும்புகிறவன் நான். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்த யோசனையில் நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கிவிட்டது என்று என் மனைவி வேதவல்லி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஊழியர்கள் பொத்தானை அழுத்தக் கூடாது என்பது விதி. மீறலாமா என்று ஒன்பது வருடம் யோசித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யோசித்தபடியே அதன்மேல் சாய்ந்துவிட்டேன்.

உடனே குணமானது. வேதவல்லிக்குப் போன் செய்து, "இன்னைக்கு வெண்டைக்காய் வறுவல்" என்றேன்.

"யாரு பேசறது?" என்று கேட்டாள்.

அதற்குள் பொத்தானுக்கு நோய் முற்றிவிட்டது. சிக்னலில் பச்சை மனிதன் தோன்றி ஒரு காலைத் தூக்கினான். யோசித்தான். கீழே வைத்தான். சிவப்பானான். மறுபடி பச்சையாகிக் காலைத் தூக்கினான். அவன் தூக்கும்போது வண்டிகள் நின்றன, வைக்கும்போது சீறின. சாலையில் இறங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் பர்வீன் தன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் பக்கத்தில் கொய்யாப்பழம் விற்பவள். நிறைமாதம். வலி வந்துவிட்டது.

"சார், பச்சை போடச் சொல்லுங்க."

நான் மளமளவென்று முடிவுகள் எடுத்தேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், அது வந்து நெரிசலின் கடைசியில் நின்றுகொண்டது. பர்வீனின் விரலைப் பிடித்துப் பொத்தானில் அழுத்தினேன். பிரசவம் நோயில்லை என்று பொத்தான் வாங்க மறுத்தது. முடிவெடுக்கத் தெரிவதும் சரியாக எடுக்கத் தெரிவதும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்கு என்ன சார் வியாதி?" பர்வீன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னோடதுதான்" என்றேன்.

கொடுத்தவரே இடது கையால் அழுத்தினால் நோய் அவரிடம் திரும்பிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் குணமாகி நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்பது நிமிடம் வாய்த்ததில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"உங்க வியாதிய நீங்களே வச்சுக்குங்க சார்" என்றாள் அவள். பல்லைக் கடித்திருந்தாள். "என் புள்ளைய நடுரோட்டுல பெத்துக்க முடியாது."

தியாகம் செய்தேன் என்று எழுத ஆசைதான். அவள் அதட்டினாள், நான் அழுத்தினேன். பச்சை மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினான். வண்டிகள் அடங்கின. கூடப் போவதா, கொய்யா வண்டியைப் பார்த்துக்கொள்வதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் தனியாகவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள்.

பெண் குழந்தை. மூன்றாம் நாள் பர்வீன் என்னையே ஒரு பெயர் சொல்லச் சொன்னாள். இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறேன். குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது.

துறையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். அழுத்தினேன் என்று ஒரு கடிதமும் அழுத்தவில்லை என்று ஒரு கடிதமும் எழுதினேன். எதை அனுப்புவது என்று தெரியாமல் இரண்டையும் அனுப்பினேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டு, ஒன்றுக்குப் பாராட்டும் மற்றதற்கு இடமாற்றமும் கொடுத்தார்கள்.

இப்போது ரயில் நிலையக் கடிகாரத்தில் வேலை. அதற்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். நல்ல வேகம், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. நாங்கள் திரும்பும்வரை ரயில்கள் நிற்கும்.