அழாத செத்தவீடு

"ஐயோ, என்ரை தம்பி..." என்று நல்லம்மா வாசல் படலையில் வாய் திறந்ததுதான் தாமதம், இரத்தினம்மா ஓடிப்போய் அந்த வாயைப் பொத்தினாள்.

"மச்சாள், உங்கடை காலிலை விழுறன். இப்ப அழாதையுங்கோ. பிள்ளை அங்கை பாடப்போறாள்."

கோப்பாயிலிருந்து மகனின் சைக்கிளில் வந்து இறங்கியவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்துக் கிடப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பி தம்பிராசா. அழாமல் வா என்கிறாள் அவருடைய பெண்சாதி! சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பின்வேலிக்கு அப்பால் பள்ளிக்கூட மண்டபம். மகள் அருந்ததிக்கு அங்கேதான் சங்கீதப் பரீட்சை. சண்டையால் இரண்டு தரம் தள்ளிப்போய், இன்றைக்குத்தான் பரீட்சகர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். இனி எப்போது வருவார்களோ, யாருக்குத் தெரியும்? கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஊர் கிடந்த அமைதியில் ஒரு விம்மல்கூட வேலி தாண்டும்.

காலையில் இழுத்து இழுத்து மூச்சு விட்டபடியேதான் தம்பிராசா மகளை அனுப்பிவைத்தார். அவள் படலை தாண்டியதும், "எனக்கு ஏதும் நடந்தாலும் பிள்ளையைக் குழப்பிப் போடாதை" என்றார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

மனிதருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. அவர் தாளம் போட்டால் மகளே சிரித்துவிடுவாள். ஆனாலும் சுன்னாகத்துப் பாட்டு வகுப்புக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிப்போக ஒருநாளும் பிந்தியதில்லை. தலைக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் சுற்றினால் இருவரும் வாய்க்காலுக்குள் படுப்பார்கள். அது போனதும் மண்ணைத் தட்டிவிட்டு வகுப்புக்குத்தான் போவார்கள். "தோட்டத்திலை வெங்காயம் தண்ணியில்லாமல் கிடக்குது, இவர் பாட்டுக்காரி வளர்க்கிறார்" என்று அவருடைய தமையன் மார்க்கண்டர் பகிடி பண்ணாத நாளில்லை.

அந்த மார்க்கண்டர்தான் இப்போது முற்றத்தில் நின்று கொதித்தார். "அழாத செத்தவீடு உலகத்திலை உண்டோ? ஊர் என்ன சொல்லும்? நான் பறைக்கு ஆள் விட்டிட்டன்."

"பெரியத்தான், உங்கடை தம்பி கேட்டது இது ஒண்டுதான்," என்றாள் இரத்தினம்மா. "பறை வந்தால் என்னைத் தாண்டித்தான் உள்ளுக்கு வரும்."

மார்க்கண்டர் தம்பியின் கட்டிய கால்விரல்களைப் பார்த்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தடியில் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்புக்கு நடந்தார்.

வேலிக்கு அப்பால் பாட்டு எழும்பியது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். இரத்தினம்மா கணவரின் காலடியில் இருந்து கேட்டாள். இதைக் கேட்க அவர் இல்லையே என்று நெஞ்சு வெடித்தது.

நடுவில் பாட்டு அறுந்தது.

ஆரோ பிள்ளைக்குச் சொல்லிப்போட்டினம் என்று நினைத்தாள். அவருடைய குளிர்ந்த பாதத்தை இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் மறுபடி எழும்பியது. முன்னையிலும் உரத்து, கடைசி அடி வரைக்கும் போனது.

அருந்ததி ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். முற்றத்துச் சனம் வழி விட்டது.

"முடிஞ்சுதோ?" என்றாள் தாய்.

"ஓம் அம்மா. முழுக்கப் பாடினன்." அப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள். "பெரியப்பா பறைக்காரரைக் கும்பிட்டு மறிச்சவர். யன்னலாலை கண்டனான். அப்பா போயிட்டார் எண்டு தெரிஞ்சு பாட்டை விட்டிட்டன். ஆனா வீட்டிலை ஒருதற்றை சத்தமும் இல்லை. எனக்காகத்தான் எண்டு விளங்கிச்சுது. அதுதான் முடிச்சிட்டு வந்தன்."

இரத்தினம்மா மகளைப் பக்கத்தில் இருத்தினாள். பிறகு நல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மச்சாள், இனி அழுங்கோ."

நல்லம்மா வாய்க்குள்ளிருந்து சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தெடுத்தாள். பல் பட்ட இடத்தில் அது கிழிந்திருந்தது.