பூ என்று யார் சொன்னது?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதல் பொறாமை என்னுடையது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பிலிப்பைன்ஸில், பத்தங்காஸ் கடற்கரையில் இருக்கும் எங்கள் சிற்றூரில் ஒரே ஒரு சீன ரொட்டிக்கடை. அதை நடத்துகிறவள் விதா குவா, கணவனை இழந்தவள். நானும் வருஷக்கணக்காக அங்கேதான் காலை ரொட்டி வாங்குகிறேன். ரொட்டி கொடுப்பாள், சில்லறை கொடுப்பாள், ஒரு வார்த்தை கொடுத்ததில்லை. நானோ வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன். ஹுவெத்தெங் என்ற சூதாட்டப் பெயரின் பூர்வீகத்தை அவள் என் பக்கத்து வீட்டுக் கிரிசாந்தோவிடம் சொல்லியிருக்கிறாள் என்று, அவன் மனைவி செந்தா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு எழுதுகிறேன். என் பேனாவின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடல் தாண்டி வந்த சீன வணிகர்கள் பட்டோடும் பீங்கானோடும் ஒரு சூதாட்டத்தையும்...’

அடித்துவிட்டேன். கட்டுரை மாதிரி கொட்டாவி விட்டது.

பிறகு: ‘செந்தா பெரிய அழகி இல்லை, ஆனாலும்...’

அதையும் அடித்தேன். அவள் தையல்காரி. ‘ஆனாலும்’ என்று எழுதியதுமே கத்திரிக்கோலோடு எதிரில் வந்து நின்றதுபோல் இருந்தது.

ஆகவே மத்தியானச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். பொரித்த கருவாடு, தொட்டுக்கொள்ளக் காடி, பூண்டுச் சோறு. கிரிசாந்தோ வெயிலில் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஹுவெத்தெங்குக்கு எண் வாங்கும் ஆள் அவன். (முப்பத்தேழுக்குள் இரண்டு எண்கள் நீங்கள் சொல்வீர்கள், அவன் வீடு வீடாக வந்து குறித்துக்கொண்டு போவான், இரண்டும் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சட்டவிரோதம்தான். போலீஸ்காரர் வீட்டம்மாவுக்கும் பிடித்த எண்கள் உண்டு.)

“ஹுவெத்தெங்னா என்ன அர்த்தம் தெரியுமா உனக்கு?” என்றான்.

“தெரியும். நீ வெயில்ல அலையறதுன்னு அர்த்தம்.”

“சீனத்துல ஹுவேன்னா பூவாம். இத்தன வருஷமா வீடு வீடாப் போய்ப் பூ வித்திருக்கேன், செந்தா.”

செந்தாவின் கையில் அகப்பை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து சோறு, தண்ணி, தலைவலி என்பதற்கு மேல் பேசியறியாத மனிதன். ஒரு சொல்லை எடுத்து இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்க இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

“யார் சொன்னா?”

“யாரோ சொன்னாங்க.”

“அந்த யாரோவுக்குச் சீனம் தெரியுமோ?”

“கருவாடு இன்னொண்ணு இருக்கா?”

இருந்தது. வைத்தாள். அவன் முள்ளைக்கூட விடாமல் மென்று தின்றுவிட்டு, பாயில் சாய்ந்ததும் தூங்கிப்போனான்.

3

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்கிறவர்கள் இரண்டு சாதி. ஒன்று, அகராதிக்காரர்கள். மற்றது, வீட்டில் சந்தேகம் புகுந்தவர்கள். இரண்டாம் சாதிக்கு உழைப்பு அதிகம்.

செந்தா அன்றைக்கே மீன் சந்தைக்குப் போனாள். மீன்காரி பசியானாவிடம் கேட்டாள்.

“எங்காளு உன்கிட்டப் பூவைப் பத்தி எதாச்சும் பேசினாரா?”

“என்கிட்ட மீனப் பத்தியே பேசமாட்டாரு. நம்பர் கேப்பாரு, போயிருவாரு. ஏன், யாருக்காவது பூ கொடுத்துட்டாரா?”

“உன் மீன் நாறுது, அதப் பாரு,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அடுத்தது, இரும்புக்கடைச் சீனக் கிழவர் ஓங்.

“முன் பாதி பூதாம்மா,” என்றார் ஓங், ஆணி நிறுத்துக்கொண்டே. “பின் பாதி எனக்குத் தெரியாது. நமக்கு ஆணிக்கும் சுத்தியலுக்கும் மட்டுந்தான் சீனப்பேர் தெரியும். எழுத்துப் படிச்சவங்க ரொட்டிக்கடை அம்மாதான். உங்க வீட்டுக்காரர்கூட அங்க உக்காந்திருப்பாரே.”

அவர் சூது அறியாதவர். ஆணியைப் போலவே இதையும் நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

4

விதா குவாவை எழுதும்போது எனக்குக் கை தடுமாறுகிறது. முதல் பிரதியில் உதட்டுச்சாயம் பூசிவிட்டேன். அது செந்தாவின் கண். அடுத்ததில் இரண்டு பல்லைப் பிடுங்கினேன். அது என் வயிற்றெரிச்சல். கடைக்குப் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து எழுதியது இது: ஐம்பதை நெருங்கும் பெண், முழங்கை வரை மாவு, மூக்கில் நழுவும் கண்ணாடி. அவ்வளவுதான்.

“ரொட்டி தீந்துபோச்சே, அக்கா,” என்றாள் விதா, படியேறி வந்த செந்தாவிடம்.

“ரொட்டிக்கு வரல. பூவுக்கு வந்தேன்.”

விதா கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கட்டிய மாவு படிந்த துணியில் துடைத்து, முன்னைவிட மோசமாக்கி மாட்டிக்கொண்டாள்.

“ஓ, அதுவா. முன் பாதி பூ. பின் பாதிக்குப் பந்தயம்னு அர்த்தம்னு எங்க மாமா சொல்வாரு. எங்கப்பா, இல்ல, கடைன்னு சொல்வாரு. பூக்கடைன்னு ஆகும். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டே போய்ச் சேந்தாங்க. எது சரின்னு எனக்கே தெரியாது.”

“இதெல்லாம் எங்காளு வந்து கேட்டாராக்கும்?”

“அவர் எங்க கேட்டாரு? நான்தான் பேசுவேன். அவரு அந்த மாவு மூட்டை மேல உக்காந்து கேட்டுட்டிருப்பாரு. நல்லாக் கேப்பாரு உங்க வீட்டுக்காரர். என் புருஷன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல.”

அவள் பொய் சொல்லியிருந்தால் செந்தா கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். கொண்டைஊசி, கைக்குட்டை, உதட்டுச்சாயம் எதற்கும் அவளிடம் வசவு தயாராக இருந்தது. ‘நல்லாக் கேப்பாரு’ என்பதற்கு ஒரு வசவும் இல்லை. வீட்டில் அவள் பேசத் தொடங்கினால் பாதி வாக்கியத்தில் குறட்டை வரும்.

(இங்கே, கேட்பது உடலைக் கொடுப்பதைவிடப் பெரிய துரோகம் என்று ஒரு பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன். செந்தா அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. மாவு மூட்டையைப் பார்த்தாள். அது நடுவில் குழிந்திருந்தது.)

5

“ரொட்டிக்கடைத் தெருவுக்கு இனிமே நம்பர் வாங்க நான் போறேன்,” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“போலீஸ் புடிச்சா?”

“புடிச்சா நீ சோறு கொண்டு வா.”

கிரிசாந்தோ எண் குறிக்கும் தாளை எடுத்து நீட்டினான். மறுத்தால் ஏன் மறுக்கிறான் என்று சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் செந்தா விதாவின் கடையில் நின்றபடியே எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பினாள். உட்காருவதில்லை என்று சபதம். விதா பேசிக்கொண்டே மாவு பிசைந்தாள்: நூடுல்ஸுக்கும் சோயாக் கட்டிக்கும் நாம் சொல்லும் பேரும் சீனத்திலிருந்துதான் வந்தது என்றாள். சில நாளில் கால் வலித்தது, மூட்டையில் உட்கார்ந்தாள். இன்னும் சில நாளில் செந்தாவும் பேசினாள். பள்ளிச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி வெட்டுவதில் உள்ள தொல்லையை முழுவதும், இடையில் குறட்டை இல்லாமல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவரிடம் சொல்லி முடித்தாள்.

“இன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று மத்தியானம் கேட்பான் கிரிசாந்தோ.

“ரெண்டு நம்பர் சொன்னாங்க.”

“வேற?”

“வேற என்ன வேணும் உனக்கு?”

அவனுக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. பாயில் புரளும் சத்தம் எங்கள் வேலி வரைக்கும் கேட்டது.

6

முடிவுக்கு வந்தாயிற்று. கைவசம் சில இருக்கின்றன.

ஒன்று: சொல்லின் பின் பாதிக்கு அர்த்தம் என்ன என்று கிரிசாந்தோ கெஞ்ச, யாரோ சொன்னதாகச் செந்தா பதில் சொல்லுவது. பழிக்குப் பழி. மாலை கட்டினாற்போல் அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.

இன்னொன்று: போலீஸ் செந்தாவைப் பிடித்துக்கொண்டு போக, சோற்றுப் பாத்திரத்தோடு கிரிசாந்தோவும் ரொட்டியோடு விதாவும் காவல் நிலைய வாசலில் சந்திப்பது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் போலீஸ் அத்தனை தூரம் மெனக்கெடாது.

மூன்றாவதில் நானே கடைக்குள் நுழைந்து

(வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை, உச்சி வெயிலில், கிரிசாந்தோ ரொட்டிக்கடைக்கு எதிரே நின்றான். தேவாலயத்துக்குப் போடும் சட்டை, தண்ணீர் வைத்து வாரிய தலை. உள்ளே இரண்டு பெண்களும் எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செந்தாவின் கன்னத்தில் ஒட்டிய மாவை விதா கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். கிரிசாந்தோவின் முகம் கறுத்தது. யாரை யாரிடம் பறிகொடுத்ததாக நினைத்தான்? மனைவியையா, விதாவையா? அவனிடம் கேட்டிருந்தால் அவனே விழித்திருப்பான்.

தெருவைக் கடந்து படியேறினான். சிரிப்பு நின்றது. இருவருக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

“என்ன பேசிட்டிருந்தீங்க? நானும் கேக்கறேன், சொல்லு...”

அந்த நேரம் பார்த்து ஒரு மூன்று சக்கர வண்டி இரைந்துகொண்டு போயிற்று. ‘சொல்லு’ என்று நிறுத்தினானா, ‘சொல்லுங்க’ என்று முடித்தானா, எதிர்ப்பக்கம் நின்ற என் காதில் விழவில்லை. சொல்லு என்றால் அது மனைவிக்கு. சொல்லுங்க என்றால் அந்த அம்மாவுக்கு. அல்லது, மனசு வைத்தால், இரண்டு பேருக்கும்.

செந்தாவின் காதில் விழுந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். எப்படி மாறியது என்று பார்ப்பதற்குள் விதா குறுக்கே வந்துவிட்டாள். வேலியோரம் போய்க் கேட்டால் செந்தா சொல்லிவிடுவாள். நான் கேட்கப் போவதில்லை. வண்டி விழுங்கிய அந்த இரண்டு எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.