எரிந்துகொண்டிருந்த பாய்லர்

பென்னிக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் பாய்லர் வேலை. கவரைப்பேட்டைப் பக்கம் நெல் பயிரிடும் துளசிராமன் அவனுக்குப் பழக்கமானதே ஒரு காரால்தான். மூடிக் கிடந்த அரிசி ஆலையை வாங்கியபோது, உமி மூட்டைகளுக்குப் பின்னால் நூறு வயது தாண்டிய நீராவிக் கார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெய் எரிந்து, தண்ணீர் கொதித்து, அந்த ஆவியில் ஓடுகிற வண்டி. பாய்லர் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் விசாரிக்க, யாரோ பென்னியைக் கைகாட்டினார்கள்.

மூன்று வருஷம் லீவு நாளெல்லாம் அங்கேதான் போனது. துருப்பிடித்த பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தான். அதற்குள் நூற்றுக்கணக்கான செம்புக் குழாய்களை ஒவ்வொன்றாக நுழைத்து, வாயை விரித்து இறுக்கினான். "கட்டிலத் தூக்கிக்குனு அங்கியே போய்டேன்" என்பாள் மனைவி விக்டோரியா. அவன் சிரித்துக்கொள்வான்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிப்பட்டில் இருக்கும் துளசிராமனின் தங்கை வீடு வரை போய் வருவது என்று இருவரும் கிளம்பினார்கள். வழியில் ஏரி கண்ட இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். துளசிராமன் ஓட்டினார். பென்னி பக்கத்தில் உட்கார்ந்து பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தான். வண்டியில் இன்ஜின் சத்தமே இல்லை. டயர் தார்ரோட்டில் உருளும் ஓசை மட்டும்தான்.

"இன்னா பென்னி, படகு மாதிரி போவுது!" துளசிராமனுக்கு வாயெல்லாம் பல்.

ஊத்துக்கோட்டைக்கு முன்னால் ஒரு வளைவு. புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். கட்டு அவள் கண்ணை மறைத்தது. வண்டி வருவது காதில் விழவில்லை. பென்னி விசிலை இழுத்தான். அவள் பயந்துபோய் நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள். துளசிராமன் சட்டென்று ஒடித்தார். மட்கார்டு அவள் காலில் அடித்தது. வண்டி மைல்கல்லில் மோதி நின்றது.

இருவரும் குதித்து ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே அவள் கால் வேறு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, "ஐயோ, நம்ம செல்விடா!" என்று கத்தினார்கள். ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து அவளை ஏற்றினார்கள். துளசிராமனும் கூட ஏறினார். பென்னியை மட்டும் விடவில்லை. எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த ராஜமாணிக்கம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"நீ இங்கியே இரு. போலீஸ் வரட்டும்."

அப்போதுதான் பென்னிக்கு அந்தச் சீறல் கேட்டது. மோதியதில் வண்டிக்கு அடியில் குழாய் உடைந்து பாய்லர் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிரஷர் இறங்க இறங்கத் தீ தானாகக் கூடும். அப்படித்தான் அந்த வண்டியின் அமைப்பு. எண்ணெய் வால்வை ஒரு திருகு திருகினால் அணைந்துவிடும்.

"அண்ணே, அடுப்பு எரியுதுண்ணே. தண்ணி போய்க்கினு இருக்குது. அத்த மூடிட்டு வந்துடறேன்."

"வண்டிய எடுத்துக்குனு ஓடலாம்னு பாக்கறியா?"

"சாமி சத்தியமா ஓட மாட்டேன். நீங்களாவது மூடுங்க. சீட்டாண்ட பித்தளத் திருகு இருக்குது பாருங்க."

ஒருவரும் அசையவில்லை. புகையும் ஆவியும் கக்கும் வண்டியிடம் போக யாருக்கும் தைரியமில்லை. அவனைப் போகவிடவும் மனமில்லை. இன்னும் இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். அவன் திமிறினான், பிறகு கெஞ்சினான். அவர்கள் கோபம் நியாயம்தான் என்பதும் தெரிந்தது. ஒரு பெண்ணின் கால் உடைந்து கிடக்கும்போது தன் காது பாய்லர் பக்கமே போகிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் போயிற்று. சீறல் மெலிந்து நின்றது. தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். பெயின்ட் கருகும் வாடை வந்தது. உள்ளே குழாய்கள் ஒவ்வொன்றும் பழுத்து வளைவதை அவன் நின்ற இடத்திலிருந்தே பார்த்தான்.

பட்டென்று ஏதோ வெடித்துப் புகை கிளம்பியது. கூட்டம் சிதறி ஓடியது. பிடி விட்டதும் பென்னி பாய்ந்து போய் வால்வை மூடினான். இனி மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன. கை கொப்பளித்தது.

ராஜமாணிக்கம் மெதுவாகத் திரும்பி வந்தார். "நெஜமாவே எரிஞ்சுக்குனுதான் இருந்துச்சா?" என்றார். பென்னி கொப்பளித்த கையை ஊதிக்கொண்டான். அவரே தன் பைக்கில் அவனை ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

செல்வியைத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் நின்றது. சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் துளசிராமன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டி?" என்று நிமிர்ந்தவர், பென்னியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் இருந்த செல்வி பென்னியைக் கூப்பிட்டாள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரு போன எடுக்க மாட்டேங்கறாரு. கும்மிடிப்பூண்டில கம்பெனில இருக்காரு. நீ கொஞ்சம் அடிச்சுக்குனே இரேன்."

பென்னி அவள் போனை வாங்கி அழுத்தினான். மணி அடித்து ஓய்ந்தது. அந்தக் கம்பெனிகளில் வாட்ச்மேன் வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார், ஷிப்ட் முடிந்துதான் தருவார். அவன் ஆலையிலும் அதே வழக்கம்தான்.

"எடுத்தாரா?" என்றாள்.

"இப்போ எடுப்பாரும்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அழுத்தினான்.