பனிக்கட்டியில் காட்டிய அரை டிகிரி

காஷ்பர் திராவ்னிக்கும் நானும் ஆஸ்திரியப் பேரரசின் கார்னியோலா மாகாணத்தில் ஒரே ஊர். அவன் மாவு ஆலைக் கூலியின் மகன். வியன்னாவுக்கு வந்து பௌதிகம் படித்து, பல்கலைக்கழகத்தில் உதவி ஆசிரியன் ஆனான். நான் அதே நகரத்தில் கண்ணாடி ஊதி வெப்பமானி செய்து பிழைத்தேன். வெளியே இருவரும் ஜெர்மன் பேசுவோம். என் பட்டறைக் கதவைச் சாத்தினால் எங்கள் ஸ்லோவேனிய மொழிதான்.

காற்று எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று அதுவரை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை. காஷ்பர் அதற்கொரு வழி கண்டான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செப்புப் பாத்திரங்கள். நடுவே மெல்லிய காற்று. வெளிப்பாத்திரத்தைப் பனிக்கட்டிக்குள் புதைத்துவிட்டு, உள்பாத்திரம் எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான வெப்பமானியைச் செய்து கொடுத்தவன் நான்.

புதிதாக ஊதிய கண்ணாடிக் குமிழ் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதமாவது ஆறப்போட்டுவிட்டுத்தான் அளவுக்கோடு போட வேண்டும். அவன் அவசரப்பட்டான். நான் இரண்டே வாரத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவன் முடிவுகளை அறிவியல் சபையில் வாசித்தான். பேராசிரியர் பதவி அவனுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில், அதே குழாயில் அதே அவசரத்தில் செய்த இன்னொரு வெப்பமானியை நான் தற்செயலாகப் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது, அரை டிகிரி மேலே காட்டியது. அப்படியானால் காஷ்பரின் அளவுகளும் தப்பாகத்தான் இருக்கும்.

என் மனைவி யேராவிடம் சொன்னேன். காஷ்பரிடம் போய்ச் சொல்லிவிடு என்றாள். மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிட்டுப் போனேன்.

காஷ்பர் தன் வெப்பமானியைப் பனித்தூளில் செருகினான். அதுவும் அதே அரை டிகிரி.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வாரமா."

"கண்ணாடி சுருங்கினதுக்கு உன்மேல கோவம் இல்லடா. மூணு வாரம் என் முகத்தைப் பார்த்துக்கிட்டு பீர் குடிச்சியே, அதுக்குத்தான்."

சபைக்கு யார் செய்த பிழை என்று எழுதிக் கொடுத்துவிடு, என் பெயரைச் சொல்லு என்றேன். அவன் தலையாட்டி மறுத்தான். உள்பாத்திரம் முழுசாக ஆறும்வரை காத்திருந்தால் பாதரசம் பூஜ்யத்துக்கு வராமல் நின்றதைத் தானே பார்த்திருக்கலாம், பொறுமை இல்லாமல் பாதியில் நிறுத்தியது தன் தப்பு என்றான். அந்த வாரமே சபையில் எழுந்து, தன் கணக்கு தவறு, திரும்பப் பெறுகிறேன் என்றான். கருவி செய்தவன் பெயரைக் கேட்டார்களாம். சொல்லவில்லை.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. குளிர்காலம் முழுவதும் அவன் மறுபடி அளந்தான். என்னிடம் வரவே இல்லை, நானும் போகவில்லை. புதிய எண்ணைப் பெர்லினில் ஒருவர் சோதித்துச் சரி என்று எழுதிய பிறகு, இரண்டு வருடம் கழித்து, அவனும் பேராசிரியர் ஆனான்.

ஒரு மத்தியானம் பட்டறைக்குள் வந்து நின்றான். ஆறு வெப்பமானி வேண்டும் என்றான்.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்றேன்.

"கிடைச்சாங்க. தப்பு நடந்தா வந்து சொல்லுவாங்களான்னு தெரியல. நீ லேட்டாவாவது வருவ."

 யேரா உள்ளேயிருந்து, களி ஆறுகிறது, இரண்டு பேரும் வந்து உட்காருங்கள் என்றாள். எங்கள் ஊர் வழக்கப்படி பொரித்த பன்றிக்கொழுப்பை மேலே அள்ளிப் போட்டுக்கொண்டு காஷ்பர் இரண்டு தட்டு சாப்பிட்டான்.